பைதன் தமிழ்ப் பெயர்களைச் சிதைக்கிறதா?

"பைதனில் ஜேசனாக மாற்றினால் தமிழ் சிதைந்துவிடும், பெயர்களை ஆங்கில எழுத்தில் பதியுங்கள்" என்று இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. பைதன் ஒரு நிரல் மொழி; ஜேசன், தரவை எழுத்தாகச் சேமிக்கும் ஒரு வடிவம். அந்தத் தகவல் தவறு. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி என்று தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஆங்கில எழுத்துக்கூட்டலால் அலைந்தது போதும்.

ஜேசன் கோப்பில் 'மலர்' என்பதன் 'ம', பின்சாய்கோடு யு 0பிஏஇ (\u0bae) என்று தெரிவது சிதைவு அல்ல. பல மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் அந்த எழுத்தின் எண் அது. திரும்ப வாசித்தால் அதே 'மலர்' வரும். கோப்பிலேயே தமிழாகத் தெரிய வேண்டுமா? ஜேசனாக எழுதும் கட்டளையில் 'என்ஷூர் ஆஸ்கி' (ensure_ascii) என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' (False) ஆக்குங்கள்.

அப்புறம், கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை) யுடிஎஃப்-8 என்று கட்டாயம் எழுதுங்கள். பைதன் 3.14 வரை, விண்டோஸ் கணினிகள் பலவற்றில் அதை எழுதாவிட்டால் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான 1252 குறியீடுதான் எடுபடும். அதில் தமிழே இல்லை. பிழை வருவது அங்கேதான். அந்தப் பிழையை அடக்க, கண்டுகொள்ளாதே என்னும் 'இக்னோர்' (ignore) போடாதீர்கள், எழுத்துகள் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும்.