முதல்ல வாயில் வந்த வார்த்தை

எனக்கு ஆண்களையும் பிடிக்கும்ப்பா என்று மகன் சொன்ன அன்று நான் கேட்ட முதல் கேள்வி, "எய்ட்ஸ் வந்துடாதாடா?" அக்கறையில்தான் கேட்டேன், சத்தியமாக. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். எட்டு மாதம் அந்தப் பேச்சே இல்லை.

பயமுறுத்தினால் பிள்ளை அடங்கிவிடுவான் என்று நினைக்கிறோம். அடங்க மாட்டான், மறைப்பான். ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது போடாமலே ஏதோ நடந்துவிட்டது என்று வையுங்கள். 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றைக்கே, பெப் என்கிற மாத்திரையை ஆரம்பித்து 28 நாள் விடாமல் சாப்பிட்டால் எச்.ஐ.வி. தொற்றாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். திட்டுக்குப் பயந்து நாலாவது நாள் வந்து சொல்கிறவனுக்கு அந்த வழி அடைத்துவிடுகிறது. அந்த மூன்று நாளில் அவன் நம்மிடம் வருவானா என்பதுதான் கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம்.

இருபால் ஈர்ப்புதானே, கடைசியில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வான் என்று பேச்சைத் தள்ளிப்போடுகிற பெற்றோரும் உண்டு. நானே அப்படித்தான் கொஞ்ச நாள் ஓட்டினேன்.

பிறகு உட்கார்ந்து படித்தேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற எச்.பி.வி. தடுப்பூசி பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். ஆசனவாய், தொண்டைப் புற்றுநோய்க்கும் அதே கிருமி காரணமாவதால் பையன்களுக்கும் போடலாம், சீக்கிரம் போட்டால் நல்லது. சிறுநீரை மட்டும் சோதித்தால் தொண்டையிலும் ஆசனவாயிலும் இருக்கும் கொனோரியா என்கிற பால்வினை நோய் தெரியாமலே போகும், அங்கேயும் மாதிரி எடுக்கச் சொல்லி நாமே கேட்க வேண்டும். முன்கூட்டியே சாப்பிடுகிற பிரெப் மாத்திரை எச்.ஐ.வி.யைத் தடுக்கும், ஆனால் சிஃபிலிஸ் மாதிரி மற்ற பால்வினை நோய்களைத் தடுக்காது. எச்.ஐ.வி. இருப்பவரும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவிலேயே இருந்தால் உடலுறவில் அடுத்தவருக்குத் தொற்றாது. இது தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

ரெண்டாவது தடவை காரில் பேசினேன். முகம் பார்க்க வேண்டியதில்லை, ரெண்டு பேருக்கும் வசதி. அன்னைக்கு நான் பேசினது தப்புடா என்று ஆரம்பித்தேன். யாராவது இருந்தால் உன்னிடம் மரியாதையாக நடந்துகொள்கிறானா, வேண்டாம் என்றால் விடுகிறானா என்று கேட்டேன். பதிலே இல்லை. சரி என்று தொடர்ந்து, ஆணுறையோடு எண்ணெய், வாசலின் எதுவும் தடவாதே, லேட்டக்ஸ் கிழிந்துவிடும், தண்ணீர் அடிப்படையில் செய்த லூப், அதாவது வழவழப்புக்குத் தடவுகிற ஜெல், சரி என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இதெல்லாம் உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று சிரிக்க ஆரம்பித்தவன் வீடு வரும் வரை நிறுத்தவில்லை.