அது க்ளோவர் இல்லை சாமி, ஆரை

அந்த நாலிலைப் படத்தை இன்னும் எத்தனை பேர்தான் பகிர்வீர்கள்? "நம்ம டெல்டா வயல்ல நாலிலை க்ளோவர், அதிர்ஷ்டம் தேடி வந்துடுச்சு"ன்னு ஆயிரம் இதயக்குறி. அது ஆரைங்க. ஆரைக்கீரை.

க்ளோவர் பயறு குடும்பத்துச் செடி. ட்ரைஃபோலியம் என்ற லத்தீன் பெயருக்கே மூவிலை என்றுதான் பொருள். நாலாவது இலை எப்போதாவது தப்பிப் பிறக்கும். கிடைப்பது அரிது என்பதால் ஐரோப்பாக்காரன் அதை அதிர்ஷ்டம் என்றான். ஆரைக்குக் காம்புக்குக் காம்பு நாலிலைதான். அதுதான் அதிர்ஷ்டமென்றால் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் ஒரு விவசாயி வீட்டு நகைகூட அடகில் இருக்கக் கூடாது.

சந்தேகமா, வேரோடு பிடுங்கிப் பாருங்கள். ஆரை பெரணி வகை. பூக்காது, விதை விடாது. காம்படியில் மிளகு அளவில் கெட்டியாக ஒரு பை இருக்கும், விதைக்குப் பதிலாக முளைக்கிற வித்துத்தூள் அதற்குள். வயல் காய்ந்து வெடித்தாலும் அது சாகாது. இலையை மட்டும் கிள்ளிவிட்டு களை எடுத்தாச்சு என்றால், சேற்றுக்குள் ஓடும் தண்டில் மிஞ்சிய ஒரு கணு போதும், மறுபடி படர்ந்துவிடும். தண்ணீர் ஏறினால் இலை மிதக்கும், வடிந்தால் நிமிர்ந்து நிற்கும்.

வரப்பில் மூவிலையோடு, மஞ்சள் பூவோடு, கடித்தால் புளிக்கிறதே, அது புளியாரை. அதுவும் க்ளோவர் இல்லை!

"பேர்ல என்னங்க இருக்கு?" என்பீர்கள். ஒரு கால், நாலிலைப் பந்தல் என்று விடுகதை போட்டவனை அவ்வை வசைபாடி, "ஆரையடா சொன்னாய்" என்று முடித்த கதை தெரியும்தானே? யாரைச் சொன்னாய் என்ற கேள்வியும் ஆரை, விடையும் ஆரை. எங்கே, க்ளோவரை வைத்து அதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

"நல்ல மனசோட போட்டாங்க, விடுங்க." விட்டிருப்பேன். படத்துக்குக் கீழே ஒருத்தர் சாலட்டில் பச்சையாகப் போடலாமா என்று கேட்கிறார், பத்துப் பேர் போடலாம் என்கிறார்கள். ஆரையைச் சேறு போக நாலு தண்ணீரில் அலசி, வேகவைத்துத்தான் கடைவோம். களைக்கொல்லி அடித்த வயலிலும் சாக்கடை கலக்கும் வாய்க்காலிலும் பறிக்கவே மாட்டோம். புளியாரைத் துவையலுக்குப் புளி வேண்டாம், ஆனால் அதில் ஆக்ஸாலிக் அமிலம் உண்டு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். ஓரத்தில் நாலு பெண்கள் குனிந்து களை பறிக்கிறார்கள், கையில் இருப்பதே ஆரைதான். "அக்கா, இது என்னக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூகுளைக் கேட்டிருக்கிறார்கள்.