24 முறை ஹங்கேரிக்குப் போன வைத்தியர்

வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓர் ஓவியத்தின் படத்தை இரண்டு நாளாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெர்ன்ஹார்ட் ஸ்ட்ரிகெல் வரைந்தது. பேரரசர் முதலாம் மாக்சிமிலியன், அவர் மனைவி, மகன். வரையும்போது மனைவியும் மகனும் உயிரோடு இல்லை. கீழே மூன்று சிறுவர்கள். இரண்டு பேர் பேரன்கள். வலது ஓரத்தில் இருக்கும் பையன் மட்டும் அந்த வீட்டில் பிறந்தவன் அல்ல. ஹங்கேரி மன்னரின் மகன் லாயோஷ்.

அவன் எப்படி அந்தக் குடும்பப் படத்துக்குள் வந்தான் என்று தேடிப் போனால் ஒரு வைத்தியரிடம் போய் நிற்கிறோம். ஓவியத்தைத் தன் வீட்டில் வைத்திருந்தவரும் அவர்தான். யோகான்னஸ் குஸ்பினியன்.

1473-ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் பிறந்தவர். இருபது வயதில் மாக்சிமிலியன் கையால் கவிஞர் பட்டம். 1499-ல் மருத்துவ டாக்டர், அடுத்த வருடமே வியன்னா பல்கலைக்கழகத்தின் தலைவர். 1510-லிருந்து பேரரசரின் தூதர். ஐந்து வருடத்தில் ஹங்கேரிக்கு மட்டும் 24 முறை போயிருக்கிறார். இடையில் 1513-ல் மனைவி இறந்துபோனார். பயணம் நிற்கவில்லை.

ஒரு வைத்தியரை ஏன் தூது அனுப்ப வேண்டும்? ஹங்கேரியில் சட்டமும் அரசு எழுத்தும் லத்தீனில் நடந்தன. அதைத் தாய்மொழி போலப் பேசத் தெரிந்தவர் வேண்டும். அப்புறம், அங்கே இருந்த மன்னர் விளாடிஸ்லாவின் சுபாவம். எதைக் கொண்டுபோனாலும் 'நல்லது' என்று தலையாட்டுவார் என்று அதையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவரிடம் சம்மதம் வாங்குவது சுலபம், அந்தச் சம்மதத்தை மறுநாள் வரை காப்பாற்றுவதுதான் கஷ்டம். அதற்குப் பொறுமையாக உட்கார்ந்து பேசுகிற ஆள் தேவை.

இவர் பேசியது சம்பந்தம். விளாடிஸ்லாவின் மகன் லாயோஷுக்கு மாக்சிமிலியனின் பேத்தி மரியா. மகள் அன்னாவுக்கு மாக்சிமிலியனின் பேரன். விளாடிஸ்லாவின் தம்பி போலந்து மன்னர் சிகிஸ்முண்டையும் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக மாஸ்கோவோடும், டியூட்டானிக் வீரர் சபை என்ற ஜெர்மன் போர்த்துறவிகளோடும் சேர்ந்து போலந்தை நெருக்குவதை மாக்சிமிலியன் நிறுத்த வேண்டும். மூன்று அரசுகளும் ஒன்றானால் தெற்கிலிருந்து வரும் துருக்கியருக்கு எதிராக ஒரு சுவர் எழும். குஸ்பினியனின் கணக்கு இதுதான்.

1515 ஜூலை 22, வியன்னா புனித ஸ்டீஃபன் தேவாலயம். லாயோஷுக்கு ஒன்பது வயது. மரியாவுக்கும் ஒன்பது. அன்னாவுக்கு மறுநாள்தான் பன்னிரண்டு முடிகிறது. அவளுக்கு எந்தப் பேரன் என்றே முடிவாகாததால் 56 வயது தாத்தா மாக்சிமிலியனே மாப்பிள்ளை இடத்தில் நின்றார். ஒரு வருடத்துக்குள் பேரன்களில் ஒருவர் கட்டிக்கொள்ளாவிட்டால் நானே கட்டிக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம். லாயோஷைத் தன் பிள்ளையாகத் தத்தும் எடுத்துக்கொண்டார். ஓவியத்தில் அவன் இருப்பது அப்படித்தான்.

லாயோஷ் குறைமாதத்தில் பிறந்தவன். அப்போதுதான் அறுத்த விலங்கின் உடல் சூட்டில் வைத்து வைத்தியர்கள் அவனைப் பிழைக்கவைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

இந்தக் கல்யாணத்தை மாக்சிமிலியனின் ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் சாமர்த்தியம் என்றும், குஸ்பினியனை அதற்குத் தரகு பார்த்தவர் என்றும் எழுதிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பேரரசருக்கு அது சொத்துக் கணக்காக இருந்திருக்கலாம். இவருக்கு அது தற்காப்பு. துருக்கியரைப் பற்றி இவர் எழுதியவற்றில் வெறுப்பு மிகுதி, அதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சரியாகப் பார்த்தார்.

1521-ல் ஹங்கேரியின் தெற்குக் கோட்டையான பெல்கிரேடு துருக்கியரிடம் விழுந்தது. 1526 கோடையில் துருக்கி சுல்தான் சுலைமான் ஹங்கேரிக்குள் இறங்கினார். லாயோஷுக்கு இருபது வயது. ஐரோப்பா முழுவதற்கும் உதவி கேட்டு ஆள் அனுப்பினான். அவனைத் தத்தெடுத்த மாக்சிமிலியன் 1519-லேயே இறந்துவிட்டார். படத்தில் பக்கத்தில் இருக்கிற பையன்களில் ஒருவர் இப்போது பேரரசர் ஐந்தாம் சார்லஸ். பிரான்சோடும் போப்போடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஃபெர்டினாண்ட், அன்னாவின் கணவர், லாயோஷுக்கு இரட்டை மைத்துனர். அவர் தலைமையில் ஷ்பேயரில் ஜெர்மன் இளவரசர்கள் கூடி, கத்தோலிக்கருக்கும் லூதர் பக்கத்தாருக்குமான மதச் சண்டையை எப்படித் தள்ளிப்போடுவது என்று வாரக்கணக்கில் பேசினார்கள். தீர்மானம் எழுதி முடித்த தேதி ஆகஸ்ட் 27. ஹங்கேரியின் மொஹாச்சில் லாயோஷும் சுலைமானும் மோதிய போர் ஆகஸ்ட் 29.

ஒரே பிற்பகலில் ஹங்கேரிப் படை அழிந்தது. தப்பி ஓடும்போது ஓடையில் குதிரையோடு சரிந்து, கவசத்தின் கனத்தில் மூழ்கி லாயோஷ் இறந்தான். 1515 ஒப்பந்தத்தின் உதவிப் பகுதி காற்றில் போனது. லாயோஷ் பிள்ளையில்லாமல் இறந்தால் அவன் நாடு மாக்சிமிலியன் குடும்பத்துக்கு என்ற வாரிசுப் பகுதியை மட்டும் ஃபெர்டினாண்ட் உடனே கையில் எடுத்தார். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

குஸ்பினியன் அந்த வருடமே ஜெர்மன் இளவரசர்களுக்கு ஒரு நீண்ட வேண்டுகோளை அச்சிட்டு அனுப்பினார். இப்போதாவது எழுந்திருங்கள், அடுத்தது நாம்தான் என்ற பதற்றம் அதில் இருக்கிறது. ஹங்கேரியிலோ இரண்டு பேர் முடிசூட்டிக்கொண்டு ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டிருந்தார்கள்.

1529 ஏப்ரல் 19-ல் குஸ்பினியன் வியன்னாவில் இறந்தார். கல்லறை, அந்தக் கல்யாணம் நடந்த அதே தேவாலயத்தில். முதலில் வைத்தியனாகவும் கவிஞனாகவும் இருந்தேன், பிறகு பேரரசர் என்னைப் பெரிய காரியங்களுக்கு உயர்த்தினார் என்று அவரே பேசுவதுபோல் அதில் லத்தீனில் எழுதியிருக்கிறது. ஐந்து மாதம் கழித்து, செப்டம்பர் கடைசியில், சுலைமானின் கூடாரங்கள் வியன்னா மதிலுக்கு வெளியே நின்றன.