எங்கள் கண்மாயும் ஈரநிலம்தான்

ஐப்பசியில் மழை விழும். வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வந்து ஒரு கண்மாய் (ஏரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) நிறையும், கலுங்கு என்கிற வழிகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும், கடைசிக் கண்மாயின் மிச்சம் கடலுக்குப் போகும். ராமநாதபுரத்துக் கடலோர ஊர்களில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. தை மாதம் கண்மாய்க்குள் தண்ணீர் தேங்குகிற உள்வாயில் நிற்கிற கருவேல மரமெல்லாம் நாரைக் கூடுதான். நாரை வராத வருஷம் வெள்ளாமையும் வராது என்று எங்கள் அப்பத்தா சொல்லும்.

தண்ணீர் தேங்கி உயிர்கள் வாழ்கிற இடத்தைத்தான் ஈரநிலம் என்கிறார்கள். ஆனால் இந்தக் கண்மாய் சட்டப்படி ஈரநிலம் கிடையாது.

2010இல் மத்திய அரசு கொண்டுவந்த ஈரநில விதிகளில் மனிதர் வெட்டிய நீர்நிலைகளும் இருந்தன. அதிகாரம் மட்டும் டெல்லியில் இருந்தது. 2017இல் புது விதிகள் வந்து அதிகாரம் மாநில ஈரநில ஆணையத்துக்கு மாறியது. மாநில உரிமைக்காகப் பேசுகிறவன் நான், சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பாசனத்துக்கு வெட்டிய நீர்நிலை, குடிநீர்க் குளம், உப்பளம், இறால் குட்டை எதுவும் ஈரநிலம் ஆகாது என்று அதே விதிகளில் எழுதிவிட்டார்கள். கடலோரத்தில் என்ன செய்யலாம், கூடாது என்று மத்திய அரசு போட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைக்குள் வருகிற பகுதியும் வெளியே. கண்மாயையும் கடலோரத்தையும் கழித்துவிட்டால் நம் மாவட்டத்தில் அந்த ஆணையம் காப்பாற்ற என்ன மிச்சம் இருக்கிறது?

சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. பெருமைதான். ஆனால் அவையும் கண்மாய்களே. பக்கத்துக் கண்மாயில் அதே நாரை இரை தேடும்போது அந்தக் கண்மாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

எங்கள் ஊர் வரத்துக்காலை மண் கொட்டி மேடாக்கியபோது மனு எடுத்துக்கொண்டு அலைந்தேன். ஓர் அலுவலகத்தில் அது பாசன விஷயம் என்றார்கள், இன்னொன்றில் வருவாய் நிலம் என்றார்கள், மூன்றாவதில் ஈரநிலப் பட்டியலில் இல்லை என்றார்கள். அந்த வருஷம் எங்கள் கண்மாய்க்குப் பாதித் தண்ணீர்தான் வந்தது.

சரி, டெல்லியிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா? அதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. கடற்கரை அறிவிக்கையின் தடையைக் காட்டி, கடலோர இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996இல் ஜெகந்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, கடற்கரை அறிவிக்கையின் அந்தத் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்று ஆக்கியது. பண்ணைக்குப் பக்கத்தில் கிணறு உப்பானவர்களை யாரும் கேட்கவில்லை.

அரசியல் சட்டத்தில் தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17ஆவது இனம். அதனால் நான் சென்னையைத்தான் கேட்கிறேன். 2017 விதிகளுக்குள் கண்மாய் அடங்காது என்றால் அதற்குத் தனிச் சட்டம் கொண்டுவாருங்கள். 2007ஆம் ஆண்டின் ஏரி ஆக்கிரமிப்புச் சட்டம் முக்கியமாக ஆக்கிரமிப்பைத்தான் பார்க்கிறது. வரத்துக்கால், உள்வாய், கலுங்கு, கடல் முகம் வரை ஒரே சங்கிலியாகப் பதிவு செய்யுங்கள். டெல்லி குறைந்தபட்ச வரம்பு வைக்கட்டும். எந்த மாநிலமும் அதற்குக் கீழே இறங்கக் கூடாது, கூட்டிக்கொள்ள மட்டும் உரிமை இருக்கட்டும்.

அப்புறம் முக்கியமானது, கோடையில் நாரைக் குஞ்சுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது, வயலுக்கு எவ்வளவு என்பதை மடை திறக்கிறவரையும் கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்கிற ஆயக்கட்டுக்காரர்களையும் உட்காரவைத்து முடிவு செய்யுங்கள். எங்கள் கலுங்கில் எந்தக் கல் நனைந்தால் போதும் என்று அவர்களுக்குத் தெரியும்.