பின்னு பொருந்துனா போதுமாய்யா?

ராம்நாடு பஸ் ஸ்டாண்ட்ல மண்டபம் வண்டி ஏறி உக்காந்துட்டு இத டைப் பண்றேன். மடியில என் பவளத் தொட்டிக்கு மாட்டுற லைட்டு, செத்துப்போன பழைய டியூப்பு. சாம்பிளுக்குன்னு கோணியில சுத்திக் கொண்டுவந்தேன், அத அப்படியே திரும்பக் கொண்டுபோறேன். புது டியூப்புக்காக லைட் கடைக்கு மூணு வாரமா போன் பண்ணி, 500 ரூவா அட்வான்ஸ் கட்டி, நேத்து சாயங்காலம் "வந்துருச்சுண்ணே, நேர்ல வந்து எடுத்துக்கங்க"ன்னு கடைக்காரத் தம்பியே கூப்புட்டுச் சொல்லி, ஒரு நாள் பொழப்ப விட்டுட்டு வந்தா கடைசியில வெறுங்கை. வயிறு எரியுது. கொட்டித் தீத்தாத்தான் ஆறும்.

நான் கேட்டதுல ஒரு கொழப்பமும் இல்ல. 3 அடி டேங்க்குக்கு 39 வாட் டி5 எச்ஓ டியூப்பு, அதாவது வெளிச்சம் கூடுதலா தர்ற ஒல்லி டியூப்பு, நீலம் ரெண்டு, ஆக்டினிக்னு சொல்ற ஊதா கலந்த நீலம் ஒண்ணு. பேப்பர்ல எழுதிக் குடுத்தேன். பழைய டியூப்பு முனையில இருக்குற எழுத்த போட்டோ புடிச்சு வாட்சப்ல அனுப்புனேன். ரெண்டு நீல டிக்கும் விழுந்துச்சு. இதுக்கு மேல ஒரு மனுசன் என்னதான் பண்றது?

கடைக்குள்ள போறேன். தம்பி ஸ்டூல் மேல ஏறி நீள அட்டப்பெட்டி ஒண்ண எறக்கி தூசி தட்டி "இந்தாங்கண்ணே"ன்னு நீட்டுறான். வாங்கிப் பாத்தா 21 வாட், 6500 கெல்வின். ஹால்ல மாட்டுற வெள்ள டியூப்பு. தம்பி நான் கேட்டது 39-ங்குறேன். அண்ணே அதும் மூணடிதான் இதும் மூணடிதான்ங்குறான். நீளம் இல்லப்பா, வாட்டுங்குறேன். உடனே என் கையில இருந்த பழைய டியூப்ப வாங்கி ரெண்டையும் செவுத்துல சாச்சு நிக்க வச்சு, "பாருங்க, ஒரு நூல் கூட வித்தியாசம் இல்ல, பின்னும் அதே பின்னு, பொருந்தும்ணே"ங்குறான். பொருந்தும்தான். ரெண்டும் 849 மில்லிமீட்டர்தான். அதுதான்யா ஆபத்தே. 21 வாட் டியூப்பு 0.17 ஆம்பியருக்குச் செஞ்சது, 39 வாட் பேலஸ்ட், அதான் டியூப்புக்குக் கரண்ட்ட அளந்து விடுற சோக்கு, தள்ளுறது 0.34 ஆம்பியர். ரெட்டிப்பு கரண்ட்டு பாஞ்சா ரெண்டு முனையும் கருத்துப்போயி கொஞ்ச நாள்ல டியூப்பு காலி. இத நின்னு நிதானமா சொல்றேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரு செகண்டு யோசிச்சு சொல்றான், "அப்ப ரெண்டா மாட்டிருங்கண்ணே, 42 ஆயிருது, உங்க 39-ஐ விட ஜாஸ்திதான?"

எங்கய்யா மாட்டுறது? என் பிட்டிங்ல இருக்குறதே நாலு டியூப்புக்கு எடம். நாலு 39 போட்டா 156 வாட். நாலு 21 போட்டா 84. பாதிதான் வரும்னு விரல விட்டுக் காட்டுறேன். சரிண்ணே, வெளிச்சம் கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போகுது, நீலக் கலருதான உங்களுக்கு முக்கியம், நீலக் கண்ணாடித்தாள் சுத்தி விட்டுருங்க, கோயில் கொடைக்கெல்லாம் அப்படித்தான சுத்துறாங்கங்குறான். தாளச் சுத்துனா நீலம் எங்கருந்தோ புதுசா வந்து சேராது தம்பி, இருக்குற பச்சையையும் செவப்பையும் மறிக்கும், அவ்ளோதான், இருக்குற வெளிச்சமும் போயிரும்னு சொல்றேன். அப்பதான் கேட்டான் பாருங்க, என் உசுரு போன கேள்வி. "மீனுக்கு எதுக்குண்ணே இம்புட்டு?"

மீனுக்கு இல்லடா! மீன் இருட்டுலயும் தின்னும். பவளத்தோட சதைக்குள்ள ஒரு நுண்பாசி குடியிருக்கு, அது வெளிச்சத்துல சமைச்சுப் போடுறதுலதான் பவளத்துக்குப் பெரும்பங்கு சாப்பாடே. அந்தப் பாசி நல்லா இழுக்குறது 420-ல இருந்து 480 நானோமீட்டர் வரைக்கும் இருக்குற நீலத்த. வெளிச்சம் பத்தலைன்னா அந்த உயிர் உக்காந்த எடத்துலயே பட்டினி கெடந்து சாகும், எந்திரிச்சு வேற எடத்துக்குப் போகவும் முடியாது.

மண்டபத்துல உக்காந்துட்டு பவளம் வளக்குறியா, கேஸ் ஆகாதான்னு இப்ப நாலு பேரு கேப்பீங்க. நம்ம கடல்ல எடுத்தது ஒரு துண்டு கூட என்கிட்ட இல்ல. இருக்குறது மஷ்ரூமும் ஜோவாவும், ரெண்டும் கல்லுக்கூடு கட்டாத மெத்துப் பவள வகை, மெட்ராஸ்ல ஒருத்தர் டேங்க்ல வளந்து பிரிச்சுக் குடுத்தது. ரெண்டு க்ளவுன் மீனும் குஞ்சு பொரிப்பகத்துது, நம்ம மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துலயே அத இனப்பெருக்கம் பண்ணிக் காட்டிட்டாங்க, கடல்ல வல போட்டுப் புடிக்க அவசியமே இல்ல. கல் பவளம் முழுக்க 2001-ல இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல புலி இருக்குற அதே ஷெட்யூல் 1-ல இருக்கு, அதத் தொடுற ஆளு நான் இல்ல. முருகைக்கல்லுன்னு பவளப்பாறைய வெட்டி வெட்டி பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போன கடல் இது. எனக்கு அந்த வலி இருக்கு.

சரி, கடைக்கு வர்றேன். சத்தம் கேட்டு முதலாளி வந்தாரு. வந்தவரு டியூப்பப் பாக்கல, என்னப் பாக்கல, மொத வார்த்தையே "எல்இடி போட்ருங்க சார், இப்ப யாரு டியூப்லைட் வாங்குறா"ன்னுதான்.

எனக்குத் தெரியாதா? டியூப்புக்குள்ள பாதரசம் இருக்கு, 2027-க்குள்ள வீட்டு வெளிச்சத்துக்கான டியூப் தயாரிப்ப நிறுத்தணும்னு 2023-ல ஜெனீவால, பாதரசத்தக் கட்டுப்படுத்துற மினமாட்டா ஒப்பந்த நாடுகளெல்லாம் கூடி முடிவே பண்ணியாச்சு. எல்இடி கரண்ட்ட மிச்சம் புடிக்கும், வெளிச்சத்தக் கூட்டிக் கொறைக்கலாம், வருசா வருசம் டியூப்பு மாத்துற செலவு இல்ல. எல்லாம் உண்மை. ஆனா நான் எல்இடி வாங்காத ஆளு மாதிரி எல்லாரும் பாடம் எடுக்குறீங்களே, போன வருசம் வாங்குனேன்யா! ஆன்லைன்ல, வெள்ளைக்கு ஒரு நாப், நீலத்துக்கு ஒரு நாப், புல் ஸ்பெக்ட்ரம், 50,000 மணி நேரம்னு அட்டையில கொட்ட எழுத்துல போட்டிருந்துச்சு. வித்தவன்கிட்ட போன்ல எவ்ளோ வைக்கணும்னு கேட்டேன். ரெண்டையும் புல்லா வைங்க பாஸ், பவளம் சும்மா பறக்கும்னான். டேங்க் எத்தன அடி ஆழம்னு கேக்கல, என்ன பவளம்னு கேக்கல, இதுக்கு முன்னாடி என்ன லைட்டுல இருந்துச்சுன்னு கேக்கல. பத்தே நாள்ல மஷ்ரூம் சுருங்கி ஓரம் மடிஞ்சு, ஜோவா வாயத் தொறக்காம மூடிக்கெடந்து, காப்பிக்கலர்ல இருந்ததெல்லாம் வெளுத்துப் போச்சு. டியூப்பு வெளிச்சம் டேங்க் முழுக்கப் பரவி விழும். எல்இடி ஒரு புள்ளியில இருந்து குத்தி எறங்கும், நேர் கீழ இருக்குறது கருகும், பாறை நெழல்ல இருக்குறது இருட்டுல கெடக்கும். பழகாத வெளிச்சத்த ஒரே நாள்ல ஏத்துனா உள்ள இருக்குற பாசியே பவளத்துக்கு விஷமாயிரும், 20 சதவீதத்துல ஆரம்பிச்சு வாரக் கணக்குல கூட்டணும். இது நான் ஆறு உயிர பலி குடுத்துப் படிச்சது. விக்கிறவன் ஒரு வரி சொல்லிருந்தா போதும்.

அதையும் பொறுத்துக்கிட்டு 25 சதவீதத்துல வச்சு மிச்சத்த ஒருவழியா தேத்தி எடுத்தேன். ஆடி மாசம் கச்சான் காத்து ஆரம்பிச்சுச்சு. எங்க ஊரு கச்சான் தெரியும்ல, ஜன்னல் கம்பியையே உப்பு தின்னுரும். லைட்டுக்குள்ள இருந்த பேன் உப்பு புடிச்சு நின்னுச்சு, சூடு ஏறுச்சு, 11-வது மாசம் லைட்டுக்குக் கரண்ட் குடுக்குற டிரைவர் போச்சு. தெனம் 10 மணி நேரம் எரியவிட்டா 50,000 மணி நேரங்குறது 13 வருசத்துக்கு மேல. எனக்கு எரிஞ்சது 3,300 மணி நேரம். வாரண்டி கேட்டா என்ன சொன்னாங்க தெரியுமா? "உப்புத் தண்ணியால வர்ற பழுதுக்கு வாரண்டி கிடையாது." கடல் டேங்க்குன்னு பேரு போட்டு விக்கிற லைட்டுக்கு உப்புல வாரண்டி இல்லையாம்! அட்டையில எழுதுனது அந்தச் சின்ன டயோடோட ஆயுசு, டிரைவருக்கும் பேனுக்கும் இல்லன்னு யாராச்சும் சொன்னாங்களா? அதுக்கப்புறம்தான் பரண்ல கெடந்த பழைய டியூப்பு பிட்டிங்க எறக்கி மாட்டுனேன்.

எங்க சித்தப்பா ஒருத்தரு, கீழக்கரப் பக்கம் சங்கு குளிச்சவரு. பள்ளிக்கூடம் பாதியில நின்னவரு. ஒரு தடவ டேங்க் முன்னாடி குத்தவச்சு உக்காந்து இந்த நீல லைட் எதுக்குடான்னு கேட்டாரு. சொல்ல ஆரம்பிச்சதும் அவரே மடக்கிட்டாரு. "ஆழத்துல கை அறுபட்டா ரத்தம் செவப்பா தெரியாதுடா, கரும்பச்சையாத்தான் தெரியும். மேல வந்து பாத்தாத்தான் செவப்பு. கீழ செவப்பு கெடையாது, எல்லாம் நீலந்தான். அந்தப் பழக்கத்துல வளந்ததுக்கு நீலம் வேணும்தான?" அவ்ளோதான். செவப்ப மேல் தண்ணியே குடிச்சுரும், நீலம்தான் ஆழம் போகும். அவருக்கு பார்னா பவளம் கெடக்குற எடம், லைட்டுக்காரங்களுக்கு பார்னா 400-ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் செடிக்கும் பாசிக்கும் உதவுற வெளிச்சத்த அளக்குற கணக்கு. எங்க சித்தப்பாவுக்கு ரெண்டு பாரும் ஒரே நிமிசத்துல புரியுது. லைட் கடை வச்சிருக்குறவருக்கு ஏன்யா புரிய மாட்டேங்குது?

டியூப்பா எல்இடியான்னு கேட்டா ஒத்த வார்த்தையில பதில் சொல்ல முடியாது. டியூப்பு சூட்டத் தண்ணி மேல எறக்கும். சித்திரை வெயில்ல எங்க வீட்டுல தண்ணி 30 டிகிரி தாண்டுது, 2010-லயும் 2016-லயும் நம்ம கடலே அந்தச் சூட்டுல வெளுத்துக் கெடந்துச்சு, என் டேங்க் எம்மாத்திரம். டேபிள் பேன தண்ணி மேல வீச விட்டுத்தான் சமாளிக்கிறேன். எல்இடின்னா அந்தச் சூடு பாதி கொறையும், ஆனா உப்புக்காத்துல நிக்கிற மாதிரி யாரும் செஞ்சு தரல. கடையில இதெல்லாம் பேசுங்க. டேங்க் என்ன அளவு, கடலுக்கு எவ்ளோ கிட்ட வீடு, வோல்டேஜ் எப்படி, என்ன வளக்குறீங்கன்னு கேளுங்க. கேட்டுட்டு எல்இடி போடச் சொன்னா நாளைக்கே போடுறேன். ஒண்ணுமே கேக்காம கையில இருக்குற சரக்க என் தலையில கட்டப் பாக்குறீங்க பாருங்க, அதுதான் தாங்கல.

கடைசியா அட்வான்ஸ் 500-ஐக் கேட்டேன். பில் போட்டாச்சு சார், பணமா திருப்ப முடியாது, வேற எதாவது எடுத்துக்கங்கன்னாரு. சுத்திப் பாத்தா சுவிட்ச் போர்டு, சீரியல் செட்டு, கொசு பேட்டு. ஒண்ணும் வேணாம், உங்க பணமாவே இருக்கட்டும்னு வந்துட்டேன். ஏன் வந்தேன்னு இப்ப தோணுது. உச்சிப்புளி தாண்டி வண்டி போயிட்டு இருக்கு, எறங்கித் திரும்பப் போயி கேட்டுட்டு வந்துருலாமான்னு கூட இருக்கு.

இப்ப வீட்ல இருந்து போன். தண்ணி கேன்காரன் இன்னைக்கும் வரலயாம். மூணாவது நாள். பேன் வீசி டேங்க்ல தண்ணி நாலு விரக்கட எறங்கிருக்கு, நல்ல தண்ணி ஊத்தலைன்னா உப்பு ஏறிக்கிட்டே போகும், குழாய்ல வர்ற தண்ணிய ஊத்த முடியாது. தண்ணியில்லாக் காடுன்னு ஊருக்கே பேரு வச்சுட்டாங்க, சரி, காசு குடுத்து வாங்குற தண்ணியாச்சும் நேரத்துக்கு வரக்கூடாதா? நானே கேன்காரனுக்கு அடிச்சேன். "வந்துட்டே இருக்கேண்ணே"ங்குறான். பின்னாடி அவன் வீட்டு டிவி சத்தம் கேக்குது.