தெக்லா கப்பலின் எமன் கோவிட் காலத்துப் படம் அல்ல

பெயர் மறைத்து வரையும் பிரிட்டிஷ் தெருவோவியர் பேங்க்ஸியின் படம் ஒன்றில் எலும்புக்கூட்டு எமன் படகு வலிக்கிறான். கோவிட் சமயத்தில் இரவு நடன கிளப்புக்குப் போனவர்களை எச்சரிக்க அதை வரைந்தார் என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகத்தில் நிற்கும் தெக்லா என்ற பழைய சரக்குக் கப்பல்தான் அந்த கிளப். அதன் இரும்புப் பக்கத்தில், தண்ணீரை ஒட்டி இருந்த படம் அது. 2014இலேயே தகட்டோடு வெட்டி எடுத்துவிட்டார்கள். அப்புறம் எம் ஷெட் அருங்காட்சியகத்துக்குப் போனது.

படகோட்டும் எமனின் மூலம் இன்னும் பழையது: நாறிக்கிடந்த தேம்ஸ் நதியைப் பற்றி 1858இல் பஞ்ச் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை இதழில் வந்த கேலிச்சித்திரம். தெக்லாவில் மேலே விடிய விடிய ஆட்டம், கீழே இருட்டுத் தண்ணீரில் சத்தமில்லாமல் துடுப்புப் போடுகிறவன். அந்த இடத்தில் இருந்ததால்தான் பேங்க்ஸியின் படம் அவ்வளவு சிரிப்பையும் திகிலையும் சேர்த்துக் கொடுத்தது.