ஆபரேஷன் முடிந்தது, பாத்ரூமுக்கு எப்படிப் போவது?

வயதானவர் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தால், பல நேரம் இடுப்பு மூட்டின் பந்தை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். மறுநாளே வாக்கரில் எழுப்பி நிறுத்துவதும் உண்டு. எக்ஸ்ரே அம்சமாக இருக்கும். வீட்டுக்கு வந்தபிறகுதான் நிஜமான சிக்கல்: ஒன்றுக்குப் போவது.

"நீ எழுந்திரிக்காதம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று டயப்பர் கட்டிவிடுகிறார்கள். அன்புதான், ஆனால் வசதி என்னவோ வீட்டாருக்கு. அந்த அம்மா யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். டிரமடால் மாதிரி வலி மாத்திரை ஏற்கெனவே குடலை மந்தமாக்கியிருக்கும். தண்ணீரும் குறைந்தால் மலம் இறுகிப்போகும். சிறுநீர்த் தொற்றும் சேர்ந்துகொள்ளலாம். இந்த வயதில் அது காய்ச்சல் காட்டாமல், திடீர்க் குழப்பமாக, ராத்திரி உளறலாக வருவதுண்டு. "மூளை குழம்பிடுச்சு" என்று வீடே பதறும். இதய, சிறுநீரக நோயால் டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் தவிர, குடிக்கவிடுங்கள்.

என்னைக் கேட்டால், முதல் செலவு கமோடு சேர். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு 18 முதல் 20 அங்குல உயரம் சரிவரும். பல வீடுகளில் வெஸ்டர்ன் டாய்லெட்டே 15, 16 அங்குலம்தான், மேலே ரெய்சர், அதாவது உயரம் கூட்டும் இருக்கை, வைக்கணும். பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால், இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கினால் பந்து நழுவும் அபாயம் உண்டு. தரையில் உட்காருவது, பள்ளமான சோபா, கால்மேல் கால், எல்லாவற்றுக்கும் தடை. எந்தப் பக்கம் திறந்தார்கள், எத்தனை நாள் தடை என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுவிடுங்கள்.

வாக்கர் வாங்குமுன் பாத்ரூம் கதவு நிலையின் உள் அகலத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். பழைய வீடுகளில் அது இரண்டடிகூட இருக்காது. வாக்கர் வாசலிலேயே நின்றுவிடும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு நேராகக் கைப்பிடி வரவேண்டும். எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்தால் அது ஆளோடு சாயும். நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து, பிறகே வாக்கர். முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் கால், கடைசியில் நல்ல கால். அடி ரப்பர் தேய்ந்தால் ஈரத் தரையில் வழுக்கும், மாற்றுங்கள். அது பெரிய செலவில்லை.

டவல் ராடு கைப்பிடி ஆகாது. ஆள் பாரத்துக்கு அது சுவரோடு பிடுங்கிக்கொண்டு வரும். செங்கல் சுவரில் போல்ட் போட்ட கிராப் பார், அதாவது பிடித்து எழும் கம்பி, வேண்டும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம். தரையில் கிடக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள், கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை ராத்திரி விளக்கு எரியட்டும்.

படுத்திருக்கும்போது தலையணை கெண்டைக்கால் அடியில், குதிகால் மெத்தையில் படாமல். கெண்டைக்கால் புதிதாக வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு நீவவே கூடாது. ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சாப்பாட்டில் வெறும் கஞ்சி போதாது. முட்டை, பருப்பு, சுண்டல், தயிர் தினமும் இருக்கட்டும். ஆட்டுக்கால் சூப் ருசிக்கு நல்லது, எலும்பு ஒட்ட அதை நம்பவேண்டாம்.

அடுத்த ரெவ்யூவுக்கு எக்ஸ்ரே கவரோடு ஒரு தாளும் போகட்டும்: நேற்று எத்தனை தடவை பாத்ரூம் போனார், அதில் எத்தனை தடவை துணையில்லாமல், ராத்திரி எத்தனை.